அறுபத்து மூன்றாம் நம்பர் சேனல்

கடலூர் முதுநகரில் கேபிள் இளவரசுவைத் தெரியாதவர் என்று ஒருவரும் இருக்க முடியாது. மாதாமாதம் வாசலில் வந்து நிற்கிற ஆளை எப்படித் தெரியாமல் போகும்? ஆள் குள்ளம், குரல் பெரிது. எதையும் சும்மா கொடுத்துப் பழக்கமில்லாதவர். சும்மா கிடைக்கிற எதையும் விடவும் மாட்டார். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டு, சிப்காட்டில் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்து, கடைசியில் கேபிள் தொழிலில் வந்து உட்கார்ந்தார்.

அரிசிக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய கண்ட்ரோல் ரூம். மொட்டை மாடியில் பெரிய பெரிய டிஷ்கள். அவருக்கென்று, ஊர் ஆற்றின் பேரில், கெடிலம் டிவி என்று ஒரு லோக்கல் சேனலும் இருந்தது. காதுகுத்து, கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கீழே ஓடுகிற துணிக்கடை விளம்பரம், மத்தியானத்தில் ஒரு பழைய படம். ஜனங்கள் போன் போட்டு, "நேத்து போட்ட மஞ்சத்தண்ணி விழாவ இன்னொரு தபா போடுங்க, எங்க சின்னம்மா பாக்கலயாம்" என்பார்கள். இளவரசு முனகிக்கொண்டே கேசட்டைத் திரும்பச் செருகுவார். இதனால் ஒரு விஷயம் நடந்துபோயிருந்தது. டிவியில் வருகிறதெல்லாம், சென்னைச் செய்தி முதல் டெல்லி கிரிக்கெட் வரை, இளவரசுதான் மாடியிலிருந்து போடுகிறார் என்று கரையோரக் குப்பங்களில் பல பேர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அவரும் கலைக்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த வருஷம் டிஷ்ஷை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்பானிஷ் மொழிச் சேனல் வந்து மாட்டியது. பணம் கட்ட வேண்டாத சேனல். ஒரு வார்த்தை புரியாது. இருந்தாலும் ஓசியில் வருவதை விடுவானேன் என்று அதை அறுபத்து மூன்றாம் நம்பரில் போட்டுவிட்டார். நாயன்மார் கணக்கென்று பக்தியோடு வைத்ததல்ல. அந்த இடம்தான் காலியாக இருந்தது. துறைமுகத்துப் பக்கத்துப் பையன்கள் பந்தாட்டத்துக்காகப் பார்த்தார்கள். மற்றவர்கள் ரிமோட்டை அழுத்திக்கொண்டு போகிற வழியில் ஒரு நிமிஷம் நின்று, "இன்னாடா பேசுறாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், கடல் ஊருக்குள் வந்தது. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெம்பில்லை. இளவரசு கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சிங்காரத்தோப்பு பக்கம் போனவர் கேமராவை ஒரு திண்டின் மேல் வைத்துவிட்டு, நாலு பேரோடு சேர்ந்து தூக்க வேண்டியவர்களைத் தூக்கினார். திரும்பி வந்து பார்த்தால் கேமராவில் ஒன்றும் பதிவாகவில்லை. அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

பத்திருபது நாளில் வெளிநாட்டு டிவிக்காரர்கள் குவிந்தார்கள். அதில் அந்த ஸ்பானிஷ் மொழிச் சேனலின் ஆட்களும் இருந்தார்கள். ஒரு ஒல்லி கேமராக்காரன், ஒரு பெண், மொழிபெயர்த்துச் சொல்லப் பாண்டிச்சேரியிலிருந்து கூட்டி வந்த ஒரு பெரியவர். கரை முன்னால் எப்படி இருந்தது என்று காட்டப் படம் வேண்டுமாம். இளவரசு, கடல் வருவதற்கு முந்தின மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தானே எடுத்த கேசட்டுக்கு ஒரு நகல் போட்டுக் கொடுத்தார். தன் ஓசிச் சேனலின் ஆட்கள் தன் மாடிக்கே வந்தார்களே என்ற பூரிப்பில் டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் தில்லையம்மாள் வந்தாள்.

மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். புருஷன் காய்ச்சலில் போய் வருஷமாகிவிட்டது. ஒரே பெண், சத்யப்பிரியா, ஒன்பது வயது. கடல் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை; பிள்ளை தூங்கட்டும் என்று வீட்டில் விட்டுவிட்டுக் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போனவள் தப்பித்தாள். பிள்ளை கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தெற்கே கிள்ளை வரைக்கும் கரையெல்லாம் தேடிப் பார்த்தாகிவிட்டது. அதன் பிறகு தற்காலிகக் கொட்டகையில் ஒரு பாயில் படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் பெண்கள் கஞ்சியை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தில்லையம்மாள் ஒரு காலையில் விடுவிடுவென்று மாடிப்படி ஏறி வந்து கண்ட்ரோல் ரூம் வாசலில் நின்றாள். தலை வாரவில்லை. மூச்சு வாங்கியது.

"அண்ணா, நேத்து போட்டியே, அத இன்னொரு தபா போடு."

"எத?"

"அறுவத்தி மூணுல. எம் பொண்ணு வந்தா. கொட்டாயில எல்லாருந்தான் பாத்தோம். கூட்டத்துல நின்னு சோறு துன்னுக்கினு இருந்தா. என்ன நேரா பாத்தா அண்ணா."

இளவரசு அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, டிஷ்ஷைக் காட்டி, அது எங்கிருந்தோ வானத்தில் வருவது, தன்னிடம் கேசட் கிடையாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவருக்குப் பொறுமை என்பது அபூர்வம். ஆனால் மஞ்சத்தண்ணி விழாவைத் திரும்பப் போடுகிற மனுஷனால் இதைப் போட முடியாது என்பதை அவள் எப்படி நம்புவாள்?

"உன்னால முடியும். நீ போட மாட்டேங்குற" என்றாள்.

கத்தவில்லை, அழவில்லை. அன்று முழுக்க அங்கேயே அந்தச் சேனலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த வாரம் குளித்துத் தலைவாரி வந்தாள். பிறகு கூடையோடு வந்தாள். வியாபாரத்துக்குப் போகும் முன் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பாயில் கிடந்த பிணம் போன்ற பெண்ணை அந்த மூன்று விநாடிப் படம் எழுப்பி உட்கார வைத்துவிட்டது என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். வெள்ளைக்காரர்கள் அனாதைப் பிள்ளைகளை விமானத்தில் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு பேச்சும் அப்போது கரையெல்லாம் சுற்றியது. யார் பார்த்தது, யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

சிதம்பரத்தில் இருந்த தங்கை வந்து அவளைத் தன்னோடு அழைத்துப் போனாள். இளவரசுவுக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு மாதம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை, கூடையும் கையுமாகத் திரும்பி வந்துவிட்டாள். சிதம்பரத்து கேபிளில் அறுபத்து மூன்று இல்லையாம். அங்கே கேபிள் நடத்தியவர் சபாபதி, இளவரசுவுக்குக் கூட்டாளி. இளவரசு அவருக்குப் போன் போட்டு அந்தச் சேனலை நீயும் போடேன் என்று கேட்டுப் பார்த்தார்.

"இன்னா மச்சான், நடராஜரு ஊர்ல ஸ்பானிஷ்கார டான்ஸா? யாரு பாக்குறது?" என்று சபாபதி சிரித்தார்.

"ஒருத்தி பாப்பா."

"ஒருத்திக்காக டிஷ்ஷு வைப்பனா? உனக்கு இன்னா, ஸ்பெயின்ல சம்பந்தம் பண்ணிக்கினியா?"

அந்தக் கேலி ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு கேபிள்காரர்கள் கூடுகிற இடமெல்லாம் இளவரசுவுக்கு ஸ்பெயின் சம்பந்தி என்றுதான் பெயர். அவர் சிரித்து வைப்பார்.

கடல் வந்து ஒரு வருஷம் ஆன நாளில் அந்தச் சேனல் அதைப் பற்றி நிச்சயம் ஏதாவது காட்டும் என்று இளவரசு கணக்குப் போட்டு, ரெக்கார்டரை மாட்டி வைத்தார். தில்லையம்மாள் அன்று கடற்கரையில் மற்றவர்களோடு பாலூற்றப் போயிருந்தாள். பால் ஊற்றுவதற்கல்ல, மற்றவர்கள் ஊற்றுவதைப் பார்க்க. இளவரசு கேசட்டை ஓட்டினார். உடைந்த படகுகள், அழுகிற பெண்கள், நிவாரண லாரிகள். அப்புறம் ஒரு கூட்டம், நீட்டிய கைகள், நடுவே ஒரு பெண் குழந்தையின் முகம். கன்னத்தில் சோறு ஒட்டியிருந்தது. நேராகக் கேமராவைப் பார்த்தது.

நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி நிறுத்தினார். படத்தின் மூலையில், அந்தச் சேனல் தன் எழுத்துப் பட்டையைப் போட்டு மறைத்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு நீலச் சுழியின் வால் எட்டிப் பார்த்தது. அந்தச் சுழியை வரைந்தது அவரேதான். கெடிலம் டிவியின் முத்திரை அது.

பீரோவைத் திறந்து மாசி மகக் கேசட்டை எடுத்து ஓட்டிப் பார்த்தார். சாமிகள் வரிசையாகக் கடலுக்கு வருகின்றன, மேளம், கூட்டம், பந்தலில் அன்னதானம். இலையில் புளியோதரை. வரிசையில் சத்யப்பிரியா. அவளுக்குப் பக்கத்தில், அந்தச் சேனல் வெட்டி எறிந்துவிட்ட பாதியில், தில்லையம்மாளே நிற்கிறாள். சிரித்துக்கொண்டே மகளின் கன்னத்துச் சோற்றை வழித்து அவள் வாயிலேயே போடுகிறாள். அலைக்குப் பல மாதங்கள் முன்னால் நடந்த சாப்பாடு அது. எங்கள் ஊர் அன்னதான வரிசையைத் தூரதேசத்தில் யாரோ நிவாரண வரிசை என்று நினைத்துவிட்டார்கள். பசியோடு கை நீட்டினால் அப்படித்தான் தெரியும்போல.

இளவரசுவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மனைவி அமிர்தம் துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கினாள்.

"போய் சொல்லிடுங்க. அழுது தீத்துடுவா" என்றாள் அமிர்தம்.

"சொன்னா திரும்பப் படுத்துடுவா."

"படுத்தாலும் ஒரு நாள் எழுந்துப்பா. நம்மளால ஒருத்தி இப்புடி காத்துக்கினு கெடக்குறது பாவங்க."

சொல்லத்தான் போனார். தில்லையம்மாள் மார்க்கெட்டில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். புதுப் புடவை. யாரோடோ பேரம் பேசி, அந்த ஆளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். இளவரசுவைப் பார்த்ததும், "அண்ணா, எதனா வந்துச்சா?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயில் வந்ததை மென்று விழுங்கினார். அரைக் கிலோ மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த மீனை அவரால் தின்ன முடியவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. நல்லவர் என்று இளவரசுவை நான் சொல்ல மாட்டேன். கோழை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தக் கோழைத்தனத்துக்கு அவர் விசுவாசமாக இருந்தார். தில்லையம்மாளுக்குச் சுனாமிக் குடியிருப்பில் வீடு கிடைத்தபோது முதல் இணைப்பு அவளுக்குத்தான் போட்டார். அரசாங்கம் கொடுத்த கலர் டிவி அவள் வீட்டுக்கு வந்ததும் தானே போய் டியூன் செய்து கொடுத்தார். கிரிக்கெட்டுக்கு இடம் வேண்டும் என்று ஒரு தடவை அறுபத்து மூன்றை எடுத்துப் பார்த்தார். மறுநாள் அரிசிக் கடைப் படியில் அவள் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலமே சேனல் திரும்பி வந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தச் சேனல் பழைய படத்தைத் திரும்பக் காட்டிவிடுமோ என்று அவர் பயந்தார். காட்டாவிட்டால் அவள் ஏமாந்துபோவாளே என்றும் பயந்தார். தனியாக இருக்கும்போது, தேவையில்லாமல், மாசி மகக் கேசட்டைப் போட்டுப் பார்ப்பதும் உண்டு. சாலையில் அந்த வயதுப் பிள்ளைகள் யாராவது திரும்பிப் பார்த்தால் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

இரண்டாயிரத்துப் பதினொன்று முடிகிற சமயத்தில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் அடித்தது. பலா, முந்திரி, கரண்டு கம்பம் எல்லாம் சாய்ந்தன. இளவரசுவின் பெரிய டிஷ் அப்பளம்போல மடங்கி அரிசிக் கடைக்காரரின் தகரத்தில் கிடந்தது. ஊருக்குக் கரண்டு வந்து, டிவி வந்தபோது தொழிலே மாறியிருந்தது. அரசு கேபிள். சேனல்கள் எல்லாம் வேறெங்கிருந்தோ கோத்து வந்தன. இளவரசுவின் கையில் மிஞ்சியது சொந்தச் சேனலான கெடிலம் டிவி மட்டும். அறுபத்து மூன்றில் இப்போது ஏதோ நகைக்கடைச் சேனல் வந்தது.

தில்லையம்மாள் வந்து கேட்டாள். பார்க்கலாம் என்றார். மறுபடி வந்து கேட்டாள். மறுபடி பார்க்கலாம் என்றார். கடவுளாகப் பார்த்துப் புயலை அனுப்பி, இந்தப் பாரத்தை இறக்கி வைக்கச் சொல்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. கேசட்டைச் சிடியில் ஏற்றினார். ஒரு மத்தியானம் டிவிடி பிளேயரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சுனாமிக் குடியிருப்புக்குப் போனார்.

வீடு சுத்தமாக இருந்தது. டிவிக்கு மேலே பூப்போட்ட துணி. அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்கண்ணா. டீ வைக்கட்டுமா?"

"அப்பறம் வை. இத ஒண்ணு பாரு."

ஒயரைச் செருகிச் சிடியை ஓடவிட்டார். மேளச் சத்தம் அந்தச் சின்ன வீட்டை நிரப்பியது. சாமிகள் வந்தன. பந்தல் வந்தது. இளவரசு டிவியைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்யப்பிரியா வந்ததும் தில்லையம்மாளின் கை வாயைப் பொத்தியது. அப்புறம் அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"மாசி மகம். அன்னைக்கு ரெண்டாவது தபா வாங்கித் துன்னா. நான்தான் வயிறு வலிக்குண்டின்னு இழுத்துக்கினு வந்தேன். இத எங்கண்ணா வச்சிருந்த? எனக்குக் குடுத்துடு."

"உனக்குத்தான்" என்றார் இளவரசு. "தில்லையம்மா, அந்த ஸ்பானிஷ் டிவியில வந்துச்சே, அது இதுதான். நான் எடுத்தது. அவுங்க கேட்டாங்கன்னு குடுத்தேன். அது அலைக்கு முன்னாடி எடுத்தது மா. பின்னாடி இல்ல. எனக்கு ரொம்ப வருஷமா தெரியும். சொல்ற தைரியம் வரல."

சொல்லிவிட்டார். இனி அவள் அடிக்கட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைச் சமாதானப்படுத்துகிறவளைப்போலப் பார்த்தாள்.

"இருந்துட்டுப் போவுது விடுண்ணா. அது இதுவாவே இருக்கட்டும். அதுக்கப்பறம் நான் அவள எத்தினி தபா பாத்துட்டேன்."

"யார?"

"சத்யாவத்தான். இப்ப பதினாறு முடியப் போவுது. வளந்துட்டா. முடிய வெட்டிக்கினா, எனக்குப் புடிக்கல, ஆனா அந்த ஊர்ல அப்புடித்தான் போலக்குது. சாயங்காலம் ஒரு டான்ஸ் வரும் பாரு, அதுல பின்வரிசையில ஆடுவா. மூஞ்சிய சரியா காட்ட மாட்டானுங்க. ஆனா கழுத்த சாய்ச்சிக்கினு நிப்பா, எங்கூட்டுக்காரரு மாதிரியே. பெத்தவளுக்குத் தெரியாதா?"

இளவரசு பேச வாயெடுத்தார். அவள் விடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்.

"அவளுக்குத் தமிழு மறந்து பூடும் இல்ல? அதான் நானும் கொஞ்சம் கத்துக்கினேன். நாடகத்துல அம்மாக்காரி பொண்ண 'ஈஹா'ன்னு கூப்புடுறா. வான்னா 'வென்'. பசிக்குதான்னு கேக்க இன்னும் வரல. அதுக்குள்ளார புயலு வந்துடுச்சி."

டிவியில் சிடி முடிந்து திரை நீலமாக நின்றது. இளவரசு அந்த நீலத்தையே பார்த்தார். அந்த மாசி மகத்துப் பிள்ளையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டார், அவளும் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். ஆனால் இந்தப் பதினாறு வயதுப் பெண்ணை என்ன செய்வது? தான் வாய் மூடியிருந்த வருஷங்களில், தான் கொடுத்த டிவியில், தான் டியூன் செய்த சேனலில், சோறு தண்ணி இல்லாமல் வளர்ந்துவிட்டவள் இவள். அன்றே சொல்லியிருந்தால் ஒரு பிள்ளைக்குத்தான் அழுதிருப்பாள். இப்போது இரண்டாவதையும் கொன்றுவிட்டுப் போ என்று இவளிடம் சொல்ல வேண்டும்.

"எப்பண்ணா திரும்ப வரும்?" என்றாள் தில்லையம்மாள். "பாத்து ரெண்டு மாசமாவுது. ஒடம்பு எளைச்சிருப்பாளோன்னு இருக்குது."

டீ குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் அமிர்தம் சொல்லியாச்சா என்று கேட்டாள். சொல்லியாச்சு என்றார். அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கிறது என்றாள். அடுத்த வாரம் ஒரு வெல்டரைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறி, மடங்கிய டிஷ்ஷை நிமிர்த்த வைத்தார். வெயிலில் நாள் முழுக்க நின்று ஒவ்வொரு மயிரிழையாகத் திருப்பி, அந்தச் சேனலைப் பிடித்தார். கெடிலம் டிவியில் சாயங்காலப் பாட்டு நேரத்தை எடுத்துவிட்டு அதில் ஸ்பானிஷ் நடனத்தைப் போட்டார். கீழே துணிக்கடைத் தள்ளுபடியும் நினைவஞ்சலிகளும் தமிழில் ஓடின. முதுநகரே போன் போட்டுத் திட்டியது. உனக்கு மூளை கலங்கிவிட்டதா மச்சான் என்று சபாபதி சிதம்பரத்திலிருந்து கேட்டார். இளவரசு ரிசீவரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்.

அந்தப் பெண் யாரோ, எந்த ஊரோ, அப்படி ஒருத்தி அங்கே ஆடுகிறாளா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாது. சத்யப்பிரியா கடலில் போனவள் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரியும். அதைத் தனக்குத்தானே ஒரு தடவை சொல்லியும் பார்த்தார். நடனம் ஆரம்பித்ததும் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பின்வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தார்.